தெருவில் யாருக்கு இடம்? நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் பூஜை அறை எந்த மூலை, படி எந்தப் பக்கம் என்று பேசி முடித்த பிறகு, மெதுவாகத் தெருப் பக்கம் வந்துவிடுவார்கள். வாறுகால் (கழிவுநீர் ஓடை) ஏன் இப்படி, பஸ் ஸ்டாப் ஏன் அங்கே, அந்தச் சிலைக்கு ஏன் கூண்டு என்று. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் என் கருத்துகள், எனக்குத் தெரிந்த விவரங்களோடு.

பஸ் ஸ்டாப்பில் என்னக்கா அரசியல்? கூரை, பெஞ்சு, அவ்வளவுதானே?

எங்கள் ஊருக்குச் சாலை பிரிகிற விலக்கில் முன்பு ஒரு வேப்பமரமும் அதன் கீழே நீளமான ஒரு கல்லும் இருந்தன. ஆறு பேர் உட்காரலாம், கூடையை வைக்கலாம், ஆடு கூட வந்து படுத்துக்கொள்ளும். அப்புறம் நிழற்குடை வந்தது. மரத்தை வெட்டினார்கள், கல்லைப் புரட்டி ஓரத்தில் போட்டார்கள். தரையை இரண்டடி உயர்த்தி நான்கு படி வைத்து, மூன்று இரும்பு நாற்காலிகளை வரிசையாக முடுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே கைப்பிடி, ஆகவே மூன்று பேருக்கு மேல் யாரும் உட்கார முடியாது, முடியாத நேரத்தில் சாய்ந்து படுக்கவும் முடியாது. வாய் மேற்கே பார்த்து இருப்பதால் சாயங்கால வெயில் முழுக்க உள்ளே. நிதி கொடுத்தவரின் பெயர் ஒரு முழ உயரத்தில், ஊர்ப் பெயர் ஒரு சாண் கூட இல்லை.

இதையெல்லாம் விட முக்கியமான விஷயம் இன்னொன்று. பழைய மரம் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்தது. புது நிழற்குடை ஊர்ப் பக்கமாக நூறு அடி தள்ளிப் போய்விட்டது. பஸ்ஸும் அங்கேதான் நிற்கிறது. காலனிப் பிள்ளைகள் இப்போது ஊர் முக்கில் உட்கார்ந்திருக்கிற இளைஞர்களைத் தாண்டித்தான் பள்ளிக்கூட பஸ் ஏற வேண்டும். அந்த நூறு அடியை முடிவு செய்தவர் கெட்ட எண்ணத்தில் செய்தாரா என்பது எனக்குத் தெரியாது, அது தேவையும் இல்லை. யாரையும் கேட்காமல் செய்தார், அதுதான் அரசியல். தாளில் ஒரு கோடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு பெண் குழந்தையின் காலை நேரம் முழுக்க மாறிவிடுகிறது.

அப்படியானால் வடிவமைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? அழகா?

அழகு அதில் ஒரு பங்கு. படியின் உயரம், பெஞ்சின் நீளம், விளக்கு எந்தப் பக்கம் எரிகிறது, குழாய் எந்தத் தெருவில் நிற்கிறது, சுவர் எங்கே முடிகிறது, எல்லாமே வடிவமைப்புதான். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் வசதியாக நிற்பார், யாரோ ஒருவர் தள்ளி நிற்பார்.

பழைய காலத்தில் இதெல்லாம் யோசித்தார்களா?

நன்றாக யோசித்திருக்கிறார்கள். திருநெல்வேலி டவுனில் நான்கு ரத வீதிகளையும் ஒரு தடவை நடந்து பாருங்கள். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ஓட வேண்டும், அதற்கு எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு. முக்குத் திரும்பும்போது வடம் பிடிக்கிறவர்கள் நிற்க இடம் வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் விலகி ஓட இடம் வேண்டும். ஒரு நாள் தேருக்காக விட்ட அகலம்தான் மற்ற நாட்களில் அல்வாக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் பூக்காரிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் பயன்படுகிறது. வாகையடி முக்கில் கட்சிக் கூட்டங்கள் நடப்பதற்குக் காரணம், அங்கே கூட்டம் கொள்ளும் என்பதுதான். ஒரு தெருவை அதன் மிகப் பெரிய நாளுக்கு அளவெடுத்து வைத்தால் மற்ற நாட்கள் தாமாகவே நிறைந்துகொள்ளும். பிளான் வரைய நான் கற்றுக்கொண்டது வகுப்பில், இதைப் புரிந்துகொண்டது ரத வீதியில்.

அப்போது பழையது எல்லாம் நல்லது, புதியது எல்லாம் கெட்டது என்கிறீர்களா?

இல்லவே இல்லை. திண்ணையைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்கள், வழிப்போக்கர் படுத்துத் தூங்குவார், பானையில் தண்ணீர் இருக்கும் என்று. உண்மைதான். ஆனால் எந்த வழிப்போக்கர்? அந்தத் தெருவுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள் இருந்தார்கள், அவர்கள் திண்ணையில் உட்காருவது எங்கே?

தேர் போகிற வீதியும் அப்படித்தான். கழுகுமலை இப்போது தூத்துக்குடி மாவட்டம், அப்போது திருநெல்வேலி ஜில்லா. அங்கே தேர் வீதியில் ஊர்வலம் போகும் உரிமை நாடார்களுக்கு மறுக்கப்பட்டது. வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள், அவர்களில் பலர் கிறிஸ்தவத்துக்கு மாறி அந்த வீதியிலேயே ஒரு வீட்டை வாங்கி வழிபாட்டு இடமாக்கினார்கள். 1895 ஏப்ரலில், பங்குனித் திருவிழாத் தேர் வந்தபோது அதன் முன்னால் நின்ற பந்தலை வைத்துத் தகராறு மூண்டு, கொலையிலும் கலவரத்திலும் முடிந்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு பந்தல் தெருவுக்குள் எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற கேள்வி. அது அடி அங்குலக் கணக்கு போலத் தோன்றும். உண்மையில் அந்தத் தெரு யாருடையது என்பதுதான் கேள்வி.

நல்ல உதாரணம் ஒன்று சொல்லுங்களேன்.

சுலோசன முதலியார் பாலம். அதற்கு முன் பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி போக ஆற்றைப் படகில் கடக்க வேண்டும், வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை அலுவலராக) இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம், 1843இல் திறக்கப்பட்டது. பதினோரு வளைவுகள். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது என்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, படகுக்காரரிடம் காத்து நிற்காமல் யாரும் எந்த நேரத்திலும் நடந்து போகலாம் என்ற நிலை அன்றைக்கு வந்ததுதான்.

அடுத்தது ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம், திருவள்ளுவர் பெயரில் 1973இல் திறந்தது. ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். மேலே பஸ், லாரி. கீழ் அடுக்கு நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள், பைக் போன்ற சிறு வண்டிகளுக்கும். ஐம்பது வருடத்துக்கு முன்பு, கார் வைத்திருப்பவர்கள் கையளவு இருந்த ஊரில், நடக்கிறவருக்குத் தனி அடுக்கு என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். தலைக்கு மேலே கூரை போல மேல் அடுக்கு, வெயிலும் இல்லை மழையும் இல்லை. சித்திரை வெயிலில் அதன் கீழே நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இன்றைக்குக் கட்டுகிற மேம்பாலங்களில் நடக்கிறவருக்கு ஓரத்தில் ஒன்றரை அடி கூட விடுவதில்லை. அந்தப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது வருத்தமாக இருக்கும்.

ஆற்றங்கரைக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நெல்லையில் மைதானத்துக்கு முன்பே ஆற்றங்கரைதான் பொதுக்கூட்ட இடம். 1908 மார்ச்சில் வங்கத்துச் சுதேசித் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தாமிரபரணிக் கரையில், தைப்பூச மண்டபத்தில் பேசினார்கள். தைப்பூசத்துக்குச் சாமி வந்து இறங்குவதற்காகக் கட்டிய மண்டபம். உயரமான தளம், முன்னால் மணல், எவ்வளவு பேர் வேண்டுமானாலும் உட்காரலாம். மேடைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மார்ச் 12இல் அவர்களைக் கைது செய்தார்கள், 13இல் ஊரே கொந்தளித்தது. கடைகள் அடைப்பு, நகராட்சி அலுவலகத்துக்குத் தீ, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் சாவு. கோபம் எந்தக் கட்டடங்களின் மேல் பாய்ந்தது என்று பாருங்கள். நகராட்சி, காவல் நிலையம், தபால் நிலையம். எந்தக் கட்டடம் தங்களுடையது, எது தங்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது சனங்களுக்குத் தெரியும்.

அடுத்தது 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த 652 பேரை விடச் சொல்லியும் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். தடியடி நடந்தது. ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் ஆறு. ஓட இடம் இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள், அதில் கைக்குழந்தை ஒன்று.

நான் அந்தச் சாலையை ஒரு பிளான்காரியாகப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்விதான் வரும். மனு கொடுக்க வருகிற ஆயிரக்கணக்கான பேர் எங்கே நிற்பார்கள் என்று அந்த அலுவலகத்துக்கு இடம் குறித்தபோது யாராவது யோசித்தார்களா? கலெக்டர் அலுவலகம் என்றால் சனங்கள் கூட்டமாக வருவார்கள். குறை தீர்க்கும் நாள் என்று வாரா வாரம் நாமே கூப்பிடுகிறோம். வருகிறவர்களுக்கு நிற்க ஒரு திடல், கலைந்து போக மூன்று நான்கு வழி இருந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் அங்கே நடக்க முடியாது. அடித்தவர்களின் பொறுப்பை இது துளியும் குறைக்காது. ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். நினைவிடம் வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். கேட்பது நியாயம். எத்தனையோ பேருக்குத் தூணும் வளைவும் வைக்கிற ஊரில் 17 பேருக்கு ஒரு கல் இருக்கலாம்.

கொடிக்கம்பம், பிளெக்ஸ், சுவர் விளம்பரம்: இதெல்லாம் கட்சிக்காரர்கள் விஷயம் இல்லையா?

தெருவில் நடக்கிற எல்லாருடைய விஷயமும்தான். தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே சுவரில் சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரும் ஆண்டும் எழுதி இடம் பிடித்துவிடுகிறார்கள். வீட்டுக்காரரைக் கேட்பது அபூர்வம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பிளெக்ஸ் தட்டி விஷயத்தில் 2019இல் சென்னையில் ஒரு இளம்பெண் உயிரையே இழந்தார், பேனர் சரிந்து விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி. பொது இடத்துக் கொடிக்கம்பங்களை எடுக்கச் சொல்லி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, அதன்மேல் முறையீடுகளும் நடந்தன.

இருந்தாலும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். கொடி ஏற்றிய முக்கில்தான் படிப்பகம் இருந்தது, பத்திரிகை வாசித்தார்கள், பள்ளிக்கூடம் போகாதவர்கள் உலக விஷயம் பேசினார்கள். கோடையில் மோர்ப் பந்தல் போடுவதும் அதே கட்சிக்காரர்கள்தான். சுவரில் கையால் எழுதியவருக்கு ஒரு தொழில் இருந்தது, அந்த எழுத்தில் ஒரு அழகும் இருந்தது. எனக்குக் கோபம் நடைபாதையில் குழி தோண்டி நட்டுவிட்டு எடுக்காமல் போகிற கம்பத்தின் மேல்தான், கண் தெரியாதவர் முட்டிக்கொள்கிற உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற தட்டியின் மேல்தான்.

சிலைக்கு ஏன் கூண்டு?

பயம். நம் தென் மாவட்டங்களில் தலைவர்களுடைய சிலைகள் பல கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. யாராவது செருப்பு மாலை போட்டால் மறுநாள் பஸ் எரியும் என்று எல்லாருக்கும் தெரியும். நாட்டுக்காக நின்ற ஒருவரைச் சாதிக்குள் அடைத்தோம், பிறகு கம்பிக்குள்ளும் அடைத்தோம். அந்தக் கூண்டைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, இந்த முக்கு ஒருவருடையது, நீ பார்த்து நட என்பதுதான் புரியும். பொதுச்சாலைகளில் புதிதாகச் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொன்னது.

மின்கம்பத்திலும் பாலத்துக் கைப்பிடிச் சுவரிலும் சாதிக் கொடியின் நிறத்தைப் பூசுவதும் இதே வேலைதான், இன்னும் மலிவாக. வெளியூர்க்காரர் அதை வெறும் பெயின்ட் என்று நினைப்பார், உள்ளூர்க்காரருக்கு அது எல்லைக் கல். அந்த நிறம் அப்புறம் பிள்ளைகளின் கையில் கயிறாகப் போய் உட்கார்ந்துகொண்டது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் அந்தக் கயிறே கூடாது என்றது. வகுப்பில் கயிற்றை அறுத்துவிட்டுத் தெருவில் கம்பத்தை அப்படியே விட்டால் என்ன பயன் என்பதுதான் என் கேள்வி. கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க அரை நாள் போதும்.

பெயர்ப் பலகை கூடவா பிரச்சினை?

1997இல், கட்டபொம்மனின் தளபதியாக இருந்த, ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு, கலவரம், உயிர்ப்பலி. கடைசியில் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் மறுபடி திருநெல்வேலி மாவட்டமானது அப்போதுதான். ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதிய இரண்டு வரி.

போராட்டத்துக்கு என்று தனியாக வடிவமைப்பு இருக்கிறதா?

இடிந்தகரைப் பந்தலைப் பாருங்கள். கூடங்குளம் அணு உலைக்கு எதிராக 2011இலிருந்து லூர்து மாதா கோவிலுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கம்பும் கீற்றும், தரையில் மணல், அவ்வளவுதான் கட்டடம். அதற்குள் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு வேலையை விட்டு வர முடியாதவர்கள் வேலையோடு வந்து உட்கார முடிந்தது, அதனால்தான் அது வருடக்கணக்கில் நின்றது. நாற்காலி போட்ட மேடையாக இருந்திருந்தால் ஆண்கள் பேசிவிட்டுப் போயிருப்பார்கள். தரையில் உட்காரும்போது முன்வரிசை பின்வரிசை கிடையாது என்பதைக் கட்டடக்காரர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

தெருவில் கூட்டம் போட போலீஸ் மறுத்தால்?

நேரம், இடம், வழி என்று ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடுக்க முடியாது. ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொன்னது இது. மறுத்தால் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நடைபாதைக் கடைகளை எடுத்தால்தானே நடக்க முடியும்?

ஜங்ஷனில் பனங்கிழங்கு விற்கிற ஆச்சி உட்கார்ந்திருப்பது இரண்டடி இடம், அவர் முன்னால் நிறுத்திய பைக் ஆறடி. எதை முதலில் எடுப்போம்? தெரு வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்காமல் அப்புறப்படுத்தக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஊர்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

பெண்களுக்கு என்று தனியாக ஏதாவது யோசிக்க வேண்டுமா?

2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ்ஸில் ஏறிப் போகிறோம், சரி, இறங்கிய இடத்தில் கழிப்பறை எங்கே? பூட்டிக் கிடக்கும், அல்லது கதவு நேராக டீக்கடையைப் பார்த்துத் திறக்கும். கதவைப் பக்கவாட்டில் திருப்புவதற்குச் செலவு ஒன்றும் கூடாது, ஒரு பெண் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் போதும். காலையில் ஏழு மணிக்கு வீட்டில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், நானும் அப்படிக் கிளம்பியவள்தான்.

குளத்தில் பேருந்து நிலையம் கட்டியதையும் அரசியல் என்பீர்களா?

நம் புதிய பேருந்து நிலையம் இருக்கிற இடத்தின் பெயரே வேய்ந்தான்குளம். பெயரில் எழுதி வைத்திருந்தும் நாம் வாசிக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில், நெல்லையில் தண்ணீர் எங்கெங்கே தேடிப் போய் நின்றது என்று பார்த்தோமே. குறுக்குத்துறை முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. முன்சுவர் படகின் மூக்கு மாதிரி தண்ணீரைப் பிளக்கிறது. வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரைக் கரைக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். ஆறு வந்து போனதும் கழுவிவிட்டு மறுபடி பூஜை. தண்ணீருக்கு உரிய இடத்தைத் தண்ணீருக்கு விட்டுக் கட்டியவர்கள் அவர்கள்.

சரி, சாதாரண ஆள் என்ன செய்ய முடியும்?

வேலை தொடங்கும் முன் படத்தைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, வரைபடம், மதிப்பீடு, இடம் தேர்வு செய்த குறிப்பு மூன்றையும் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். கிராமமாக இருந்தால் கிராம சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கட்டாயம் நினைவில் இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிற வரைக்கும் எழுந்து வராதீர்கள். படம் வாசிக்கத் தெரியாது என்று தயங்க வேண்டாம். வயதானவர் ஏறுவாரா, இரண்டு குழந்தையோடு வருகிற பெண் எங்கே உட்காருவாள், சாயங்காலம் வெயில் எந்தப் பக்கம், எந்தத் தெருக்காரர் அதிக தூரம் நடக்க வேண்டும், இந்த நாலு கேள்வி போதும். சாய்தளம் என்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதற்குக் குறைந்தால் சக்கர நாற்காலி ஏறாது என்று அடித்துச் சொல்லலாம்.

உங்கள் ஊர் நிழற்குடை என்ன ஆயிற்று?

காலனிப் பெண்களும் எங்கள் தெரு ஆச்சிமார் இரண்டு பேரும் சேர்ந்து கிராம சபையில் எழுதிக் கொடுத்தோம். நிழற்குடையை நகர்த்த முடியாது என்றார்கள். ஆனால் பஸ் பழைய இடத்திலும் நிற்கட்டும் என்று தீர்மானம் போட்டார்கள், டிரைவர்களும் இப்போது நிறுத்துகிறார்கள். ஓரத்தில் கிடந்த அந்த நீளக் கல்லை ஐந்தாறு பேர் கடப்பாரை போட்டுப் புரட்டி மறுபடி மரம் இருந்த இடத்தில் கிடத்தினார்கள். பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறோம், ஆடு கடிக்காமல் முள் கட்டி.